மரணத்துக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? பழைய அங்கத அச்சோவியங்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலரா காலத்து லண்டனில் ஒரு தெருவோரக் கைப்பம்பு. ஏழைக் குழந்தைகள் பாத்திரங்களோடு தண்ணீருக்கு நிற்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்து அடித்துக்கொடுப்பது ஓர் எலும்புக்கூடு. 1866 ஆகஸ்டில் 'ஃபன்' என்ற நகைச்சுவை வார இதழில் ஜார்ஜ் ஜான் பின்வெல் வரைந்த படம் இது. தலைப்பு, 'மரணத்தின் மருந்தகம்'. அதன் கீழே, 'ஏழைகளுக்கு இலவசம், பாரிஷ் அனுமதியுடன்' என்ற பொருளில் ஒரு வரி.

இதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 'சாவு எல்லோருக்கும் பொது' என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். படம் சொல்வதோ அதற்கு நேர் எதிர். இந்தச் சாவு எல்லோருக்கும் பொது அல்ல, ஏழைகளுக்கு மட்டும். அதுவும் அனுமதியோடு. அனுமதி கொடுத்தது பாரிஷ், அதாவது வட்டார நிர்வாகம். தருமத்துக்கு மருந்து கொடுக்கும் இடத்துக்கு அன்று என்ன பெயரோ, அதையே பம்புக்குச் சூட்டியிருக்கிறார் ஓவியர். எலும்புக்கூடு இங்கே ஓர் ஊழியர் மட்டுமே. குற்றவாளி படத்துக்கு வெளியே, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மரணம் உருவெடுத்து வரும் அங்கத ஓவியங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வந்ததில் எனக்குக் கிடைத்த சாவி இதுதான். மரணம் யார் என்று கேட்காதீர்கள். அதற்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், அந்த வேலையை யார் கொடுத்தது என்று கேளுங்கள். கீழே வரும் படிகளெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கான பயிற்சி.

தொடங்கும் முன் படங்களைத் திறந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் மியூசியம், வெல்கம் கலெக்ஷன், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் மூன்றும் தங்கள் அச்சோவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆங்கில அங்கதப் படங்களுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் பட்டியலை மிஞ்ச எதுவும் இல்லை. 1870இல் தொடங்கி 1954 வரை 11 தொகுதிகளாக வந்தது அது. அதன் பிற்பாதியைத் தொகுத்த டோரதி ஜார்ஜ், படத்தில் தெரியும் சின்னஞ்சிறு எழுத்துகளைக்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார்.

படி 1: எழுத்தைப் படிக்காமல் முதலில் பாருங்கள்

தலைப்பையும் அடிக்குறிப்பையும் கையால் மறைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைத் தொடுகிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் போதும். அளவையும் கவனியுங்கள். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவாகத் தெரியும், அது ஏமாற்று. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் புகழ்பெற்ற மரண வரிசையில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 6.5 செ.மீ உயரம், 5 செ.மீ அகலம். சீட்டுக்கட்டின் ஒரு சீட்டைவிடச் சிறியது. அதைக் கையில் பிடித்து, முகத்தருகே கொண்டுவந்து, தனியாகத்தான் பார்க்க முடியும். கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் கூட்டம் கூடிப் பார்த்த பெரிய வண்ணத் தாள்களின் கதையே வேறு.

படி 2: இது மரணமா, இறந்தவரா?

இரண்டும் எலும்புக்கூடுதான். ஆனால் ஒன்றல்ல.

பாரிஸில் 'ஹோலி இன்னசென்ட்ஸ்' இடுகாட்டுச் சுவரில் 1424-25இல் தீட்டப்பட்ட மரண நடனத்தில், உயிரோடிருக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பிணம் நடக்கிறது. போப்புக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று, உழவனுக்கு ஒன்று. அந்தப் பாடல்களில் பேசுவது 'மரணம்' அல்ல, 'இறந்தவன்'. நாளை நீ இப்படித்தான் இருப்பாய் என்று காட்டும் கண்ணாடி அது. நூறு வருடம் கழித்து ஹோல்பைனிடம் வரும்போது, அதே எலும்புக்கூடு ஒரு தனி ஆள் ஆகிவிடுகிறது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும், தந்திரம் தெரிந்த ஒரே ஆள்.

மெக்சிகோவின் ஹோசே குவாதலூப்பே போசாதாவின் படங்களில் மறுபடி ஒரு திருப்பம். இறகு வைத்த பெரிய தொப்பி போட்ட அந்தப் பெண் மண்டையோட்டைப் பலர் 'மரண தேவதை' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். போசாதா கேலி செய்தது தங்கள் பூர்வகுடி வேர்களை மறைத்துக்கொண்டு ஐரோப்பியச் சீமாட்டிகளாக வேடம் போட்டவர்களை. அவள் சாகடிக்க வரவில்லை. அவளே எலும்பு, தொப்பி மட்டும்தான் மிச்சம். போசாதா செதுக்கியது தலையும் தொப்பியும் மட்டுமே. 1947இல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்த பிறகுதான் இன்று நாம் அறியும் 'கத்ரீனா' உருவானாள். போசாதா அதற்கு முன்பே, 1913 ஜனவரியில், இறந்துவிட்டார்.

தமிழில் வாசிக்கும் நமக்கு இந்தப் படியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மனத்தில் ஏற்கெனவே எமன் உட்கார்ந்திருக்கிறார், எருமையும் பாசக்கயிறுமாக. அவர் தர்மராஜன், கணக்குப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவர். ஐரோப்பிய எலும்புருவத்துக்கு நீதிமன்றம் கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. தீர்ப்பு கடவுளுடையது, மரணம் வெறும் வரவழைப்பு. எமனை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தண்டனை இல்லாத இடத்தில் தண்டனையைக் கற்பித்துக்கொள்வோம். உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் 'கூற்று' என்று நம் பழைய உரைகள் சொல்லும் பொருள்தான் அந்த எலும்புருவத்துக்கு நெருக்கம். ஜெர்மன் மொழியில் மரணம் ஆண்பால், பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் பெண்பால் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: உடையைப் பாருங்கள், வேலையைக் கண்டுபிடியுங்கள்

மற்ற படிகளைச் சுருக்கமாகக் கடந்தாலும் இதில் நின்று நிதானிக்க வேண்டும்.

ஹோல்பைனிலிருந்து தொடங்குவோம். 1520களின் நடுவில், பாசல் நகரத்தில் இருந்தபோது வரைந்தார். புத்தகமாக வந்தது 1538இல், பிரான்சின் லியோனில். அதில் 41 படங்கள். பாசலிலேயே இடுகாட்டுச் சுவரில் ஒரு பழைய மரண நடனம் இருந்தது. அதே ஊரில் இருந்தும் அவர் தன் படங்களில் யாரையும் ஆடவிடவில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் வேலையிடத்தில் விட்டுவிட்டு, மரணத்தை அங்கே அனுப்பினார். அதுதான் அவர் செய்த புரட்சி.

அரசன் விருந்துண்கிறான். மரணம் பரிமாறுபவனாக வந்து கிண்ணத்தில் ஊற்றுகிறது. நீதிபதி ஆசனத்தில் இருக்கிறார். ஒரு பக்கம் பணக்காரன் பணப்பையில் கை விடுகிறான், மறுபக்கம் ஏழை நிற்கிறான், நீதிபதியின் கை பணக்காரன் பக்கம் நீள்கிறது. பின்னாலிருந்து மரணம் அவருடைய கோலைப் பறிக்கிறது. நகரமன்ற உறுப்பினரின் படம் இன்னும் கடுமை. கைநீட்டும் ஏழையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவர் காதில் ஒரு குட்டிப் பிசாசு துருத்தி வைத்து ஊதுகிறது. மரணம் காலடியில் மணற்கடிகாரத்தோடு காத்துக் கிடக்கிறது. அவசரமே இல்லை.

பிரபுவின் படத்தில் மரணம் குடியானவன் உடையில் வருகிறது. தானியம் அடிக்கும் கோல் தரையில் கிடக்க, பிரபுவின் குலச்சின்னம் பொறித்த கேடயத்தையே தூக்கி அவர்மேல் பாய்கிறது. ஜெர்மன் நாடுகளில் உழவர்கள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தது 1524-25இல். ஹோல்பைன் இந்த வரிசையை வரைந்த அதே காலம். உடையை மட்டும் கவனித்தால் போதும், படம் எந்த வருடத்துக் காற்றைச் சுவாசிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஏழை உழவனின் படத்தை எடுங்கள். கிழவர் ஏரைப் பிடித்திருக்கிறார், மெலிந்த குதிரைகள். மரணம் பக்கத்தில் ஓடிக் குதிரைகளை விரட்டுகிறது. தொலைவில் தேவாலயம், அதன் பின்னால் சூரியக் கதிர்கள். மரணம் இங்கே எதையும் பறிக்கவில்லை, உடைக்கவில்லை, ஏளனம் செய்யவில்லை. கடைசி உழவுச்சால் முடிய உதவிக்கு வந்த கையாள். எல்லோரையும் சமமாக நடத்துவதாகச் சொல்லப்படும் மரணத்துக்கு ஹோல்பைன் தெளிவான பாரபட்சம் கொடுத்திருக்கிறார். அந்தப் பாரபட்சம்தான் அங்கதம்.

மூன்று நூற்றாண்டு தாண்டி லண்டனுக்கு வருவோம். தாமஸ் ரோலண்ட்சனின் 'ஆங்கிலேய மரண நடனம்' 1814 முதல் 1816 வரை பகுதி பகுதியாக வந்தது. பதிப்பாளர் ருடால்ஃப் ஆக்கர்மன், செய்யுள் வில்லியம் கோம்ப். இங்கே ஆட்கள் மாறிவிட்டார்கள். போப்பும் பேரரசனும் போய், பெருந்தீனிக்காரர், குதிரைப் பந்தயக்காரர், பழம்பொருள் சேகரிப்பவர், சூதாடிகள், பனிச்சறுக்கு ஆடுபவர்கள் வந்துவிட்டார்கள். காப்பீட்டு அலுவலகம்கூட உண்டு. 'போலி மருத்துவர்' என்ற படத்தைத் திறந்து பாருங்கள். முன்னால் கடையில் மருத்துவர் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறார். திரைக்குப் பின்னால் மரணம் கடைப் பையனாக உரலில் மருந்து இடிக்கிறது. உரலில் எழுதியிருப்பது 'மெதுவான விஷம்'. முதலாளி யார், வேலையாள் யார் என்று பாருங்கள். ஹோல்பைனில் மரணம் மருத்துவரைத் தேடி வந்தது. இங்கே மருத்துவர் மரணத்தைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். இன்னொரு படத்தில் போலி மருத்துவரை மரணம் கொண்டுபோகும்போது கவலைப்படுபவர் சவப்பெட்டிக்காரர். தொழில் கொடுத்துக்கொண்டிருந்தவர் போகிறாரே!

ஒரு படத்தை முடிவுசெய்யும் முன் மூன்றே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மரணம் இங்கே வேலையாளா, முதலாளியா, அத்துமீறி நுழைந்தவரா? இந்த வேலையை வழக்கமாகச் செய்வது யார்? மரணம் வந்ததால் அந்த வேலை மாறியதா, அல்லது ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே தெரிந்ததா? மூன்றாவதற்கு 'ஏற்கெனவே இருந்ததுதான்' என்று பதில் வந்தால், கூர்மையான அங்கதம் ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது.

படி 4: கையில் என்ன?

மணற்கடிகாரம், நீண்ட பிடி போட்ட அரிவாள், ஈட்டி அல்லது அம்பு. இவை மரணத்தின் வழக்கமான சாமான்கள். வழக்கமானது இருந்தால் அதில் நேரம் செலவிட வேண்டாம். இருக்க வேண்டியது இல்லாமல் வேறொன்று இருந்தால் அங்கே நில்லுங்கள். அரிவாளுக்குப் பதில் பம்பின் கைப்பிடி, உலக்கை, துடுப்பு. மாற்றப்பட்ட பொருள்தான் குற்றச்சாட்டு.

படி 5: யார் பார்க்கவில்லை?

இந்தப் படங்களில் பார்வைகளுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். ஹோல்பைனின் கன்னியாஸ்திரி ஜெபத்தில் மண்டியிட்டிருக்கிறாள், தலை மட்டும் கட்டிலில் உட்கார்ந்து யாழ் போன்ற நரம்புக்கருவி வாசிக்கும் காதலன் பக்கம் திரும்பியிருக்கிறது. மரணம் மெழுகுவர்த்தியை அணைக்கிறது. இருவரும் பார்க்கவில்லை. பெரும்பாலும் இப்படித்தான், படத்துக்குள் இருப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அதனால்தான் நேருக்கு நேர் பார்க்கும் படங்கள் உலுக்குகின்றன. 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றார். நவம்பர் தொடக்கத்தில் லண்டன் விளக்கேற்றிக் கொண்டாடியது. ஆக்கர்மன் தன் கடை முகப்பில், பின்னாலிருந்து ஒளி ஊட்டிய பெரிய படம் ஒன்றை வைத்தார். ரோலண்ட்சன் வரைந்த 'பயங்கரத்தின் இரு மன்னர்கள்'. போர்க்களத்தில் நெப்போலியன் முரசின் மேல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பீரங்கியின் மேல் மரணம். இருவரும் ஒரே மாதிரி, கன்னத்தில் கை வைத்து, ஒருவரை ஒருவர் உற்றுப் பார்க்கிறார்கள். 'பயங்கரங்களின் மன்னன்' என்பது விவிலியத்தில் யோபு நூலில் மரணத்தைக் குறிக்கும் தொடர். அதை இருமையாக்கியதுதான் அந்தத் தலைப்பு. இங்கே மரணத்துக்கு வேலையே இல்லை. தன் வேலையை இத்தனை காலம் செய்துகொண்டிருந்த ஆளைப் பார்க்க வந்திருக்கிறது.

படி 6: இப்போது எழுத்தைப் படியுங்கள், சிலேடையைத் தேடுங்கள்

காளமேகத்தின் சிலேடையில் வளர்ந்த நமக்கு இது கைவந்த வேலையாக இருக்க வேண்டும். ஆனால் சிலேடை ஆங்கிலத்தில் இருப்பதால் நழுவிவிடுகிறது. இரண்டு உதாரணம் போதும்.

1829இல் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் வரைந்த 'ஜின் கடை'. ஒரு குடும்பம் கடையில் குடித்துக்கொண்டு நிற்கிறது, கைக்குழந்தைக்கும் ஜின் புகட்டுகிறார்கள். அவர்கள் நிற்கும் தரையைப் பாருங்கள், பல் விரித்த பெரிய பொறி. பீப்பாய்கள் சவப்பெட்டி வடிவில் இருக்கின்றன. ஊற்றிக்கொடுக்கும் அழகியின் முகம் ஒரு முகமூடி, உள்ளே மண்டையோடு. வாசலில் இரவுக் காவலன் வேடத்தில் மரணம், விளக்கோடும் மணற்கடிகாரத்தோடும். இவர்கள் கடைசி 'கிளாஸை' நெருங்கிவிட்டார்கள் என்கிறது. குடிக்கும் கண்ணாடிக் குவளையும் கிளாஸ், மணற்கடிகாரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் 'ஹவர்கிளாஸ்'. ஒரே சொல்லில் கடையும் காலமும் முடிந்துவிடுகின்றன.

அடுத்தது 1858 ஜூலை 10 'பஞ்ச்' இதழின் படம். அந்தக் கோடையில் தேம்ஸ் ஆறு சாக்கடையாகி நாறியது. நாடாளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். படத்தில் இரவு ஆற்றில் மரணம் படகு வலித்துப் போகிறது, செத்த விலங்குகள் மிதக்கின்றன. தலைப்பு 'தி சைலன்ட் ஹைவேமேன்'. தேம்ஸுக்கு 'மௌன நெடுஞ்சாலை' என்று செல்லப்பெயர் உண்டு. 'ஹைவேமேன்' என்றால் வழிப்பறிக்காரன். கீழே அந்த வழிப்பறிக்காரனின் வழக்கமான மிரட்டல், 'பணமா, உயிரா?'. சிலேடையின் மூன்றாவது அடுக்கை விட்டுவிடாதீர்கள். நகருக்குப் புதிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்ட யார் பணம் தருவது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பணத்தைக் கொடு, இல்லையேல் உயிரைக் கொடு. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சட்டம் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் வேலையைத் தொடங்கினார். சட்டம் வந்தது இந்த ஒரு படத்தால் என்று சொல்ல மாட்டேன். நாற்றம் உறுப்பினர்களின் மூக்கையே எட்டிவிட்டது.

படி 7: அடியில் இருக்கும் பொடி எழுத்து

செப்புத்தகட்டுப் படங்களின் கீழே ஒரு வரி இருக்கும். யார் வெளியிட்டது, எந்தத் தெரு, எந்தத் தேதி. இது அலங்காரம் அல்ல, சட்டம். ஓவியர் ஹோகார்த் முன்நின்று பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டில் பொறித்தால்தான் 14 வருடப் பாதுகாப்பு கிடைக்கும். நமக்கு அது பெரிய வரம். படம் வெளிவந்த நாளே கையில் கிடைக்கிறது.

லத்தீன் சுருக்கங்களையும் பழகிக்கொள்ளுங்கள். 'இன்வ்' என்றால் கற்பனை செய்தவர், 'டெல்' என்றால் வரைந்தவர், 'ஸ்கல்ப்' என்றால் செதுக்கியவர், 'ஃபெகிட்' என்றால் செய்தவர். ஒரே படத்தில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு மனிதர்கள்.

செதுக்கியவரை மறந்துவிடக் கூடாது என்பதற்கு ஹோல்பைன் புத்தகமே சாட்சி. மரக்கட்டையில் அந்த மயிரிழைக் கோடுகளை வெட்டியவர் ஹான்ஸ் லூட்சல்பர்கர். 1526இல் இறந்துவிட்டார். டியூக்கின் மனைவி (டச்சஸ்) படத்தில் கட்டிலின் காலருகே அவருடைய இரண்டெழுத்து முத்திரை இருக்கிறது. 12 வருடம் கழித்து வந்த புத்தகத்தில் ஹோல்பைன் பெயரே இல்லை. முன்னுரை, இந்தப் படங்களைச் செய்த கலைஞர் இறந்துவிட்டார் என்று வருந்துகிறது. ஹோல்பைனோ அப்போது இங்கிலாந்தில் உயிரோடு இருந்தார், இறந்தது 1543இல்தான். அந்த வருத்தம் லூட்சல்பர்கருக்கானது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மரணத்தை இவ்வளவு நேர்த்தியாக வெட்டியவரை மரணம் வேலை முடியும் முன்பே கூட்டிப்போனது என்று நினைக்கும்போது, அந்த முத்திரையைப் பெரிதாக்கிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

படி 8: எப்படி அச்சானது?

இதில் நிபுணராக வேண்டியதில்லை, மூன்று வகை தெரிந்தால் போதும். மரச்செதுக்கில் கோடு மேடாக நிற்கும், எழுத்தோடு சேர்த்தே அச்சிடலாம், அதனால் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் ஏற்றது. செப்புத்தகட்டில் கோடு பள்ளம், அழுத்தி எடுப்பதால் தாளில் தகட்டின் ஓர விளிம்பு பதியும், தனித்தாளாக விற்பார்கள். அக்வாடின்ட் என்பது அமிலத்தால் தகட்டில் பொடிமணிச் சாயல் உண்டாக்குவது, நீர்வண்ணம் போலத் தெரியும். ரோலண்ட்சனின் மரண நடனம் அந்த வகை, வண்ணம் கையால் தீட்டியது. ஆகவே ஒரே படத்தின் இரு பிரதிகளில் வண்ணம் வேறுபடலாம். 'மரணத்தின் சிவப்பு அங்கி' என்று பொருள் சொல்லத் தொடங்கும் முன் இன்னொரு பிரதியைப் பாருங்கள்.

'பஞ்ச்', 'ஃபன்' போன்ற வார இதழ்கள் கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் செதுக்கின. சிறு துண்டுகளாக வெட்டிப் பல பேர் பகிர்ந்து செதுக்கி, திரும்ப இணைப்பார்கள். அதனால்தான் ஒரு செய்தி வந்து சில நாட்களிலேயே அது படமாகிவிடுகிறது.

படி 9: நிகழ்வைச் சரிபாருங்கள்

தொடக்கத்தில் பார்த்த பம்புப் படத்துக்குத் திரும்புவோம். இணையத்தில் பல இடங்களில் இதை, 1854இல் லண்டன் பிராட் தெருப் பம்பின் தண்ணீரால் காலரா பரவியதைக் காட்டிய டாக்டர் ஜான் ஸ்னோவின் கதையோடு போடுகிறார்கள். பம்பு, காலரா, லண்டன் மூன்றும் பொருந்துகின்றன. தேதி பொருந்தவில்லை. படம் 1866. ஸ்னோ இறந்தே எட்டு வருடம் ஆகியிருந்தது.

1866இல் காலரா தாக்கியது கிழக்கு லண்டனை. நோய் பரவிய பகுதி, கிழக்கு லண்டன் தண்ணீர் நிறுவனம் குழாயில் தண்ணீர் கொடுத்த பகுதியோடு பொருந்துவதைப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தன் புள்ளிவிவரங்களால் காட்டினார். ஓல்டு ஃபோர்டில் இருந்த அந்த நிறுவனத்தின் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் விசாரணை போனது. ஆனால் பின்வெல்லின் எலும்புக்கூடு நிற்பது குழாயடியில் அல்ல, பாரிஷ் பம்படியில். அவர் விரல் நீட்டியது வட்டார நிர்வாகத்தை. அந்த வருடத்துச் சாவுகளின் பெரும்பங்கு வந்தது தனியார் குழாயிலிருந்து. அங்கதம் கோபத்தில் நேர்மையாக இருந்துகொண்டே குறியில் தவறலாம். தேதியை மாற்றிப் போட்டுவிட்டால் இந்த நுணுக்கம் முழுவதும் காணாமல் போகிறது. படத்தை ஸ்னோவின் வெற்றிக்கு விளக்கப்படமாக்கிவிடுகிறோம்.

படி 10: மரணம் யார் பக்கம்?

அங்கதம் என்றாலே ஏழைகளின் பக்கம் என்று நினைத்துக்கொள்வது இந்தத் துறையில் நுழைபவர்களின் பொதுவான பிழை. அதற்கு மருந்து ஆல்ஃபிரட் ரேத்தல்.

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. 1849இல் ரேத்தல் ஆறு பெரிய மரச்செதுக்குகளாக 'இதுவும் ஒரு மரண நடனம்' என்ற வரிசையை வெளியிட்டார். செய்யுள் ராபர்ட் ரைனிக். மரணம் புதைகுழியிலிருந்து எழுகிறது. தீக்குணங்கள் பெண்ணுருவில் வந்து நீதி தேவதையிடமிருந்து பறித்த வாளையும் தராசையும் அதற்குக் கொடுக்கின்றன. தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு ஊருக்குள் குதிரையேறிப் போகிறது. மதுக்கடை வாசலில் தராசு பிடித்து, ஒரு தட்டில் மன்னனின் கிரீடம், மறுதட்டில் களிமண் புகைக்குழாய் வைத்து இரண்டும் ஒரே எடை என்று காட்டுகிறது. உற்றுப் பாருங்கள். தராசை மேல் வளையத்தில் பிடிக்காமல் நடு முள்ளிலேயே பிடித்திருக்கிறது. சந்தையில் நிறுத்துப் பழகிய எவருக்கும் அந்த மோசடி புரியும். பிறகு மக்களிடம் வாளைக் கொடுக்கிறது, தடுப்பரணில் ஏறி நிற்கிறது, கடைசியில் வாகை சூடிப் பிணங்களுக்கு நடுவே குதிரையில் போகிறது.

இங்கே மரணத்தின் வேலை கிளர்ச்சித் தலைவர். வேலை கொடுத்தது யார்? ரேத்தலின் பதில், சமத்துவம் பேசியவர்கள். படிகள் எல்லாம் ஹோல்பைனுடையவை, பக்கம் மட்டும் தலைகீழ். இந்த வரிசையின் அரசியலை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்தத் தராசைப் போல ஒரு வாதத்தை ஒரே கைப்பிடியில் வரைந்தவர்கள் மிகக் குறைவு என்பதையும் மறுக்க முடியாது. வெறுப்போடு பார்த்தாலும் முழுக்கப் பாருங்கள்.

எல்லாப் படிகளும் ஒரே படத்தில்

கடைசியாக, ஜான் லீச் 'பஞ்ச்' இதழில் 1855 மார்ச் 10 அன்று வரைந்த படம். எழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் ஒரு மனிதர் கிடக்கிறார். ராணுவத் தளபதியின் முழுச் சீருடையில் ஒரு எலும்புக்கூடு குனிந்து அவர் மார்பில் கை வைக்கிறது. அரிவாள் இல்லை, மணற்கடிகாரம் இல்லை. வெறும் கை.

மரணம் வேலையாளா, அத்துமீறியவரா? சீருடை ரஷ்யத் தளபதியுடையது. கிடப்பவர் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாஸ். ஆக, அவருடைய சொந்தத் தளபதி. இப்போது தலைப்பைப் படியுங்கள், 'துரோகியான தளபதி பிப்ரவரி'. கீழே ஒரு மேற்கோள். ரஷ்யா நம்பக்கூடிய தளபதிகள் இருவர், ஜனவரியும் பிப்ரவரியும் என்று மறைந்த பேரரசர் சொன்னதாக. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. படைகளை விடக் குளிரே எதிரியைக் கொல்லும் என்பது அவர் கணக்கு.

தேதியைப் பாருங்கள். நிக்கோலாஸ் நிமோனியாவில் இறந்தது மார்ச் 2. படம் வந்தது எட்டு நாளில், மரத்தில் செதுக்கி. மார்ச்சில் இறந்தவரைப் பிப்ரவரி எப்படிக் கொல்லும் என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு. ரஷ்யா அன்று பின்பற்றிய பழைய நாட்காட்டிப்படி அது பிப்ரவரி 18.

இனி பத்தாவது கேள்வி. யார் பக்கம்? பஞ்ச் வாசகருக்கு இது எதிரியின் சாவு, கொண்டாட்டம். ஆனால் 1854-55 குளிர்காலத்தில் செவாஸ்டபோல் முன் பாசறை போட்டிருந்த பிரிட்டிஷ் படையில், ரஷ்யக் குண்டுகளில் இறந்தவர்களை விடக் குளிரிலும் நோயிலும் இறந்தவர்கள் அதிகம். அந்தச் செய்திகள் மாதக்கணக்கில் லண்டன் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தன. அந்த வாரம் இதழைப் பிரித்த பல வீடுகளில் ஒரு பிள்ளையோ கணவனோ அங்கே போயிருந்தான். சீருடையில் இருக்கும் அந்தத் தளபதியை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.